பிந்தி இருந்த இத்தா

சாய்ந்தமருது,
2009 பெப்ரவரி 11

அன்பின் மருமகள் றுமைஸாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ வேலை செய்யும் கொழும்புக் கந்தோரில் இருந்து உன் உம்மாவுக்கு ஓர் ஓலை வந்திருக்கிறது. அடியில் கையொப்பம் வைத்தவன் யாரோ பெரிய மனிதன்; அந்தக் கையொப்பம் சட்டியில் விழுந்த இறால்போலச் சுருண்டு கிடக்கிறது. ஆனால் கடிதத்தின் தமிழ் உன்னுடையது. ‘தங்களின் மேலான கவனத்திற்கு அறியத்தருகின்றேன்’ என்று குனிந்து ஸலாம் சொல்லிவிட்டு, நிமிரும்போது சோற்றுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போகிற தமிழ், கிழக்கு மாகாணத்தையே அரித்தெடுத்தாலும் வேறு யாருக்கு வரும்? உன்னை மொழிபெயர்ப்பு மேசையில் உட்கார வைத்தவனுக்கு யானை மேல் ஏற்றி ஊர்வலம் விட வேண்டும்.

விடயம் உனக்குத் தெரியும். ஆனாலும் என் வாயால் ஒருமுறை கேள். உன் உம்மா, என் தங்கை றபீக்கா ரீச்சர், இந்தக் கரையோரத்தில் பாதிப் பேருக்கு ‘அ’ எழுதக் கை பிடித்தவள். மீதிப் பாதிக்குக் காதைத் திருகியவள். சென்ற வருடக் கடைசியில் ஓய்வு பெற்றாள். ஓய்வூதியம் வந்தால் புதுவீட்டின் பின் அறைக்குக் கூரை போடலாம் என்று இருந்தோம். வந்தது கூரைக்குக் காணாது, கூரையின் ஆணிக்குக் காணும். ஏன் என்று பார்த்தால், 2005இல் நாலு மாதத்துக்கு மேல் அனுமதியில்லாமல் பாடசாலைக்கு வராமல் நின்றாளாம். சேவை முறிந்துவிட்டதாம். முறிவுக்கு முந்திய வருடங்களில் ஒரு பெரும்பகுதி கணக்கில் வராதாம்.

அந்த நாலு மாதமும் அவள் எங்கே போனாள்? மாலைதீவுக்கு முத்துக் குளிக்கப் போனாளா? சந்திரனில் காணி பார்க்கப் போனாளா? உன் வாப்பாவுக்காக இத்தா இருந்தாள்! புருசன் மௌத்தான பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு இறங்காமல் இருக்க வேண்டும் என்பது மார்க்கம். அதற்குச் சம்பளத்தோடு லீவு உண்டு என்பது அரசாங்கம் தானே எழுதி வைத்த சட்டம். மார்க்கமும் சட்டமும் ஒத்துப்போகிற ஒரே இடம் இதுதான். அங்கேயும் வந்து குழி வெட்டினீர்களே!

என் கதையை நான் எடுக்கவில்லை. (சரி, எடுக்கிறேன்.) சம்பளத் திருத்தத்துக்கு முந்திய வருடம் ஓய்வு பெற்றேன் என்ற ஒரே குற்றத்துக்காக, எனக்குக் கீழே முத்திரை குத்தப் பழகிய பயல் இன்றைக்கு என்னைவிடக் கூட எடுக்கிறான். எடுத்த கையோடு வந்து எனக்குப் பிளேன்ரீயும் வாங்கித் தருகிறான். அந்த அவமானத்தை நான் சீனி போட்டுக் குடித்துவிடுவேன். உன் உம்மாவுக்கு நடந்தது தொண்டையிலேயே நிற்கிறது.

தொலைபேசியில் ஏசலாம் என்றால் ‘மாமா, மீட்டிங்’ என்று வெட்டிவிடுகிறாய். கடிதத்தை வெட்ட முடியாது. பதில் எழுது.

இப்படிக்கு,
தபாற்கந்தோர்களின் முன்னாள் பேரரசன்
முகைதீன்பாவா மாமா


கொழும்பு,
2009 பெப்ரவரி 24

மரியாதைக்குரிய மாமாவுக்கு,

ஸலாம். முதலில் ஒரு வேண்டுகோள். இனிக் கடிதத்தைக் கந்தோர் விலாசத்துக்கு அனுப்பாதீர்கள். உறையின் பின்பக்கத்தில் நீங்கள் எழுதியிருந்த ‘பேரரசனிடமிருந்து’ என்பதைத் தபால் பிரிக்கிற பெண் யாரிடமோ கொடுத்து வாசிப்பித்து, பின்னேரம் வரைக்கும் என்னை இளவரசி என்றுதான் கூப்பிட்டார்கள். விடுதி விலாசம் இந்த உறையில் இருக்கிறது.

ஓம், அந்தத் தமிழ் என்னுடையதுதான். சிங்களத்தில் வருகிற முடிவைத் தமிழில் மாற்றிக் கொடுப்பது என் வேலை. பெயரைக் கண்டதும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். பிறகு வந்து மிச்சத்தை எழுதினேன். வேறு என்ன செய்யச் சொல்கிறீர்கள்? சொந்தக்காரரின் கோவையில் நான் கை வைத்தால் என் வேலை போகும்.

அவர்கள் சொல்வது இதுதான். இத்தா லீவு புருசன் இறந்த நாளில் இருந்து தொடங்க வேண்டும். வாப்பாவின் மரணச் சான்றிதழில் இருப்பது 2004 டிசம்பர் 26. கடலோடு காணாமல் போன எல்லோருக்கும் அந்தத் திகதியைத்தான் போட்டார்கள். ஆனால் உம்மா ஜனவரி, பெப்ரவரி, மார்ச் மூன்று மாதமும் பாடசாலைக்குப் போய்க் கையொப்பம் வைத்திருக்கிறா. லீவு எடுத்தது ஏப்ரலில். அப்படியென்றால் அது இத்தா இல்லை, சும்மா நின்றது என்கிறார்கள். பாடசாலை அதிபர் லீவைச் சிபாரிசு செய்தது மட்டும் போதாதாம்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. ‘சொந்தக் காரணங்களால் சமூகமளிக்கவில்லை’ என்று உம்மா ஒரு வசனம் எழுதிக் கையொப்பம் வைத்தால், அந்தக் காலத்தைச் சம்பளமற்ற லீவாக மாற்றுவார்கள். அந்த மாதங்களின் சம்பளம் கழியும். மற்ற வருடங்கள் எல்லாம் தப்பும். ஒரு வசனம், மாமா. நான் சொன்னால் ‘நீ அவங்கட ஆள்’ என்கிறா. நீங்கள் சொல்லுங்கள்.

அன்புடன்,
றுமைஸா


சாய்ந்தமருது,
2009 மார்ச் 9

றுமைஸா மகள்,

சொந்தக் காரணம்! சொந்தக் காரணம் என்றால் எனக்குத் தெரியும். தபாற்கந்தோரில் நான் சொந்தக் காரணத்துக்கு லீவு எடுத்ததெல்லாம் கிரிக்கெட் பார்க்க. உன் வாப்பா றஸாக்கைக் கடல் கொண்டுபோனது கிரிக்கெட்டா?

நீ அப்போது ஒரு கிழமை நின்றுவிட்டுக் கொழும்புக்குப் போனவள். பிறகு நடந்ததை நான் சொல்லாமல் யார் சொல்வது? ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன் வாங்கக் கரைக்குப் போன மனிதன். உடல், மையித்து கிடைக்கவில்லை. கிடைக்காத மையித்துக்கு ஆயிரம் வாய். ‘அம்பாறை ஆஸ்பத்திரியில காலில கட்டோட கிடக்கார்’ என்று ஒருவன். போனேன், அது வேறு றஸாக். அவனும் என்னைக் கண்டு தன்னைத் தேடி ஆள் வந்துவிட்டதென்று அழுதான். ‘நேவிக்காரன் தூக்கித் திருகோணமலைக்குக் கொண்டு போயிற்றான்’ என்று இன்னொருவன். போனேன். ஒலுவில் கரையில் ஒரு பைத்தியக்காரன் பெயர் சொல்லாமல் திரிகிறான் என்றார்கள். அங்கேயும் போனேன். அந்தச் சைக்கிள் ஓடிய தூரத்துக்கு மக்காவுக்குப் போய்த் திரும்பி, மறுபடியும் போயிருக்கலாம். ஒவ்வொரு தடவையும் நான் திரும்பி வரும்போது உன் உம்மா கேட்பது ஒன்றுதான்: “இல்லயா? சரி, நாளைக்கு எங்க?”

நாளைக்கு எங்கே என்று கேட்கிற பெண் இத்தா இருப்பாளா? புருசன் வருவான் என்று நினைக்கிறவள் கைம்பெண்ணாக உட்காருவாளா? காலையில் எழும்பித் தறப்பாள் கூடாரத்தில் பிள்ளைகளுக்குப் படிப்பித்தாள். வேறு ரீச்சர்மார் வரவில்லை. வரக்கூடியவர்கள் உயிரோடு இல்லை.

ஏப்ரலில் பள்ளிவாசலில் மௌலவிமாரும் பெரியவர்களும் கூடினார்கள். இனித் தேடவேண்டாம், காணாமல் போனவர்களின் பெண்கள் இன்றில் இருந்து இத்தா இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்தநாள் எங்கள் முகாமின் தகரக் கொட்டில் வரிசையை நீ பார்த்திருக்க வேண்டும். வாசலுக்கு வாசல் சாரத்தைத் திரையாகக் கட்டி மறைத்து, உள்ளே வெள்ளை உடுத்த பெண்கள். ஒரே நாளில், ஒரே வரிசையில். உன் உம்மா, ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற நாச்சியா, பிரதேச சபைக் கந்தோரில் கிளார்க்காக இருக்கிற உம்மு, இன்னும் எத்தனை பேர். சித்திரை வெயிலில் அந்தத் தகரத்தின் கீழே ரொட்டி சுடலாம். நாலு மாதமும் பத்து நாளும் உள்ளே இருந்தார்கள். நான் வெளியே கதிரை போட்டுக் காவல். படம் பிடிக்க வந்த வெள்ளைக்காரன் ஒருவனை மூன்று மைல் துரத்தினேன். அவனுடைய ஒற்றைச் செருப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. ராஜதந்திர உறவுகள் சீரானதும் திருப்பிக் கொடுப்பேன்.

இப்போது கேள். உன் ஒரு வசனத்தில் கையொப்பம் வைத்தால், புருசனுக்காக இருந்த இத்தா சொந்த வேலையாகிவிடும். இல்லை, இத்தா டிசம்பரிலேயே தொடங்கிவிட்டது என்று ஒப்புக்கொண்டால், இத்தாவில் இருக்கிற பெண் மூன்று மாதம் ரோட்டில் நடந்தாள், ஆண்களோடு கதைத்தாள் என்று ஆகிவிடும். இந்த ஊரில் அதைவிடப் பெரிய பேச்சு ஒரு பெண்ணுக்கு உண்டா? இரண்டு பொய்யில் ஒன்றைத் தெரிந்தெடு, சோறு போடுகிறோம் என்கிறது உன் கந்தோர். இதைச் சொன்ன வாய்க்கு ஆயுள் முழுக்கப் பாகற்காய்ச் சாறு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளிக்கிறேன்.

சொல்லமாட்டேன். உன் உம்மாவிடம் கையொப்பம் வை என்று நான் சொல்லமாட்டேன்.

இப்படிக்கு,
தகரக் கொட்டில் கோட்டையின் தளபதி
மாமா


கொழும்பு,
2009 ஏப்ரல் 2

மாமா,

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன், பிறகு கோபம் வந்தது. எல்லாவற்றையும் சிரிப்பாக்கி, கடைசியில் மற்றவரைக் குற்றவாளியாக்கி விடுகிறீர்கள்.

அந்த ஒரு கிழமையில் நான் என்ன செய்தேன் என்று யாராவது கேட்டீர்களா? ஆஸ்பத்திரிச் சுவரில் மையித்துகளின் படம் ஒட்டியிருந்தார்கள், அடையாளம் காட்டச் சொல்லி. உம்மா அந்தப் பக்கம் தலை திருப்பவில்லை. நீங்கள் அம்பாறைக்குப் போயிருந்தீர்கள். நான்தான் ஒவ்வொரு படமாகப் பார்த்தேன். ஒன்றில் முகம் தெரியவில்லை, போட்டிருந்த சேட்டு வாப்பாவுடையது. நோன்புப் பெருநாளைக்கு நான் கொழும்பில் வாங்கி அனுப்பிய சேட்டு. அந்த மையித்தை ஏற்கெனவே மற்றவர்களோடு சேர்த்து அடக்கிவிட்டார்கள். வந்து உம்மாவிடம் சொன்னேன். “சேட்டு ஊரெல்லாம் விக்கிற” என்றா. அதற்குப் பிறகு என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. இன்று வரைக்கும்.

ஆகவே மாமா, அந்தத் திகதி எனக்குக் கந்தோரின் பொய் இல்லை. என் வாப்பா டிசம்பர் இருபத்தாறாம் திகதிதான் மௌத்தானவர். உம்மாவின் ஏப்ரலுக்காக என்னுடைய டிசம்பரை விட்டுத்தரச் சொல்கிறீர்கள்.

இங்கே என் நிலைமையும் உங்களுக்குத் தெரியாது. பஸ்ஸில் ஏறினால் அடையாள அட்டை, இறங்கினால் அடையாள அட்டை. தமிழில் தொலைபேசியில் கதைத்தால் முழு பஸ்ஸும் திரும்பிப் பார்க்கிறது. யுத்தம் நடக்கிற இந்த நேரத்தில் நான் கந்தோரில் குரல் உயர்த்துவேன் என்று எதிர்பார்க்கிறீர்கள். உம்மாவுக்குச் சீனி வருத்தம், மருந்து விடக்கூடாது; பின் அறைக்குக் கூரை இல்லை, மாரிக்கு முந்திப் போட வேண்டும். உங்கள் வீராப்பு ஒழுக்கை அடைக்குமா?

உங்களுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். உம்மாவின் கடிதம் முதலாவது இல்லை. அதே முடிவை, அதே வசனத்தில், வேறு பெண்களுக்கும் நான் மொழிபெயர்த்திருக்கிறேன். மருதமுனை, சாய்ந்தமருது. எல்லோருக்கும் ஏப்ரல்தான்.

றுமைஸா


சாய்ந்தமருது,
2009 மே 30

மகள் றுமைஸா,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவில்லை. எழுத ஒன்றும் வரவில்லை. எனக்கு அப்படி நடந்ததை வரலாற்றாசிரியர்கள் குறித்துக்கொள்ளட்டும். அந்தச் சேட்டுக் கதையை உன் உம்மா என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

யுத்தம் முடிந்துவிட்டது என்று இங்கே எல்லாக் கந்தோரிலும் கொடி. பட்டாசு, பாற்சோறு. எனக்கும் ஒரு துண்டு கிடைத்தது. அடுத்தநாள் பஸ்ஸில் தமிழ் ஆட்களின் ஊரான பாண்டிருப்புப் பக்கம் போனேன். அங்கே ஒரு சத்தமும் இல்லை. வாசலில் ஒரு மனுசி ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் வீட்டிலும் யாருடைய திகதி தெரியாமல் இருக்கிறதோ.

போன கிழமை அரசாங்கத்தின் நடமாடும் சேவை வந்தது. கொழும்பில் இருந்து அதிகாரிகள் வந்து மண்டபத்தில் மேசை போட்டு, மக்களின் குறைகளை ஒரே நாளில் தீர்ப்பது. உன் உம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன்; உண்மையைச் சொன்னால் அவள்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். ஓய்வூதிய மேசையில் ஓர் இளம் அதிகாரி. கெட்டவன் இல்லை; எழும்பிக் கதிரை தந்தான். அதுதான் எனக்குப் பெரிய கோபம். கெட்டவனாக இருந்தால் ஏசிவிட்டு வரலாம். அவனுக்குத் தமிழ் மாற்றிச் சொல்லக் காரைதீவுப் பொடியன் பவிதரன். அவனும் உன் உம்மாவிடம் படித்தவன், சலவை செய்த சேட்டின் கழுத்துப் பொத்தானை அவளைக் கண்டதும் பூட்டிக்கொள்கிறான்.

“ரீச்சர், இதில ஒரு கையொப்பம் வெச்சா எல்லாம் சரியாம்.”

“என்ன எழுதியிரிக்கி?”

“சொந்தக் காரணத்தால வரல்ல எண்டு.”

“எந்தச் சொந்தம்?”

பவிதரன் தாளைத் திருப்பிப் பார்த்தான். இதுதான் தருணம் என்று நான் எழுந்தேன். தொண்டையைச் செருமினேன். மண்டபத்தின் காற்றாடிகள்கூட நின்றுவிட்டன. “கனம் அதிகாரி அவர்களே! உலகம் உண்டான நாள் தொட்டு...”

“காக்கா, இரிங்க.”

இருந்தேன்.

“மகனெ, சேரிட்டக் கேளு. ஜனவரி, பெப்ரவரி, மார்ச் நான் படிப்பிச்ச. நீங்க சம்பளம் தந்த. அப்ப நான் புருசன் உள்ள பொம்புளயா, இல்லாத பொம்புளயா?”

பவிதரன் கேட்டான். அதிகாரி கோவையைப் புரட்டினான். “சட்டப்படி இல்லாத ஆளாம், ரீச்சர்.”

“அப்ப இத்தாவில இரிக்கிற பொம்புளய மூணு மாசம் வேல வாங்கியிரிக்கீங்க. எதுக்கு ஆரும் வீட்ட போங்க எண்டு சொல்லல்ல?”

பின்வரிசையில் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்துவிட்டுப் பிறகு சிரிப்பை விழுங்கினான். உன் உம்மா சிரிக்கவில்லை.

“அந்த மூணு மாசமும் எனக்கு அவர் ஹயாத்தோட இரிந்தவர். பள்ளிவாசல் சொன்ன அண்டைக்குத்தான் எனக்கு அவர் மௌத்து. நான் ஒருக்காத்தான் இத்தா இரிந்த, சேர். அத உங்களுக்காக இன்னொருக்கா வேற மாசத்தில இரிக்க ஏலா.”

பவிதரன் அதை மாற்றிச் சொல்லப் போக, பாதியில் அவனுக்குச் சிங்களம் முட்டிவிட்டது. பேனையின் மூடியைப் போட்டு மேசையில் வைத்துவிட்டு அவள் எழுந்தாள். கையொப்பம் இல்லை. வெளியே வந்து, “சீனிக் குளிசை எடுக்கணும், டிஸ்பென்சரியால போவம்” என்றாள். குளிசை பாதிதான் வாங்கினோம். மீதி வரும் மாதம்.

மாமா


கொழும்பு,
2009 ஜூன் 25

அன்பின் மாமாவுக்கு,

அந்த அதிகாரி திரும்பி வந்து எங்கள் மாடியில் கதை சொன்னார். கிழக்கில் ஒரு ரீச்சர் கேட்ட கேள்விக்குத் தன்னால் பதில் சொல்ல முடியவில்லை என்று. எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்து, அது என் உம்மா என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது. எழுந்த பிறகுதான் எழுந்தது தெரிந்தது.

அன்று பின்னேரம் எங்கள் கந்தோரின் பெரியவர் கூப்பிட்டார். வேலை போகிறது என்றுதான் நினைத்தேன். இருக்கச் சொல்லி, உம்மாவின் கோவையை எடுத்து, ஊழியரின் தாய் என்பதால் கருணை அடிப்படையில் முழு ஓய்வூதியமும் தரச் சிபாரிசு செய்கிறேன் என்றார். பொய் எதுவும் எழுத வேண்டாம். திகதியைப் பற்றிக் கேள்வி இல்லை. சம்மதம் என்று உம்மா ஒரு கடிதம் தந்தால் போதும். ‘இதனை ஏனையோருக்கு முன்மாதிரியாகக் கொள்ளலாகாது’ என்று ஒரு வசனம் மட்டும் கீழே இருக்கும்.

மாமா, இதை விட்டுவிடாதீர்கள். கூரை, மருந்து எல்லாம் சரியாகும். கெஞ்சிக் கேட்கிறேன், இந்த ஒருமுறை உம்மாவிடம் நல்லபடியாகச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்லுங்கள். எனக்கு வாப்பா இன்னும் டிசம்பரில்தான் மௌத்து. உம்மாவுக்கு ஏப்ரல் என்றால் ஏப்ரல்தான். இதில் நான் இனி வாதாடமாட்டேன்.

றுமைஸா


சாய்ந்தமருது,
2009 ஜூலை 8

அன்பின் மருமகளுக்கு,

உன் கடிதம் வந்ததும் நான் முற்றத்தில் ஆடினேன். பக்கத்து வீட்டுக் கோழிகள் மூன்று நாள் முட்டையிடவில்லை. உன் உம்மாவுக்குச் சத்தமாக வாசித்தேன். டிசம்பர், ஏப்ரல் பற்றி நீ எழுதியதை இரண்டாம் தடவையும் வாசிக்கச் சொன்னாள். பிறகு முக்காட்டை இழுத்து முகத்தைத் துடைத்தாள். “பெருநாளைக்கு வரச் சொல்லுங்க அவள” என்றாள். அது உனக்கு.

கந்தோருக்கு உள்ளது இது. அந்தக் கடைசி வசனம் என்னவென்று கேட்டாள். அர்த்தம் சொன்னேன்.

“அப்ப நாச்சியாவுக்கு?”

“இல்ல.”

“உம்முவுக்கு?”

“அவக்கும் இல்ல. முதல்ல நீ எடு. எடுத்திட்டு மத்தவங்களுக்காகச் சண்ட புடிப்பம். நான் தலைமை தாங்கிறன்.”

நான் நியாயமாகத்தான் கதைத்தேன் மகள். வயிறு நிறைந்தவன்தான் நன்றாகச் சண்டை பிடிப்பான் என்று உலகப் போர்களில் இருந்தெல்லாம் உதாரணம் காட்டினேன். அவள் கோபப்படவில்லை. சுளகில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“காக்கா, நாங்க எல்லாரும் ஒரே நாள்தான் உள்ளுக்குப் போன. ஒரே நாள்தான் வெளிய வந்த. இப்ப நான் மட்டும் கருணயில வெளிய போனா, மத்தவங்க சும்மா நிண்டவங்க எண்டுதானே ஆகும்? கருணய அவங்களே வெச்சிக்கட்டும். ஏப்ரல் எண்டு எழுதித் தரச் சொல்லுங்க, எல்லாருக்கும்.”

நானும் விடாமல் இரண்டு நாள் வாதாடினேன். நேற்றைய மழையில் பின் அறையில் வாளி வைத்துக்கொண்டே வாதாடினேன். வாளியை ஊற்றிவிட்டு வந்து மறுபடியும் அதையே சொன்னாள். ஆகவே சம்மதக் கடிதம் வராது. உன் பெரியவரிடம் என்ன சொல்வாயோ, சொல். வேலைக்கு ஆபத்தென்றால் எல்லாப் பழியையும் என் மேல் போடு, தாங்குகிற முதுகு.

இந்த ஊரில் அந்த ஏப்ரலில் இத்தா இருந்த அரசாங்க வேலைக்காரப் பெண்கள் எல்லோரும் திங்கட்கிழமை கல்முனைக்குப் போகிறார்கள். மருதமுனையில் இருந்தும் வருகிறார்களாம். வழக்கறிஞரைப் பார்க்கவாம். வாடகைக்கு வான் வண்டி பேசியது நாச்சியா. நான் வெள்ளைச் சட்டையை ஸ்திரிக்கை போட்டு, உரையும் எழுதி, முன் ஆசனத்தில் ஏறத் தயாராக இருந்தேன்.

“நீங்க வர வேணாம் காக்கா” என்றாள் உன் உம்மா. “நீங்க வந்தா இது உங்கட கதையாப் போயிரும்.”

மாமா